என் வீடு... என் இஷ்டம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தின் அவசரக் கூட்டம். அவசரக் கூட்டம் என்றால் வழக்கமாகத் தண்ணீர் லாரி, இல்லாவிட்டால் லிஃப்ட். இந்த முறை இரண்டும் இல்லை. மூன்றாவது மாடி ஃப்ளாட்!

அதன் சொந்தக்காரர் அங்கே குடியில்லை. தினசரி வாடகைக்கு விடுகிறார். இன்டர்நெட்டில் போட்டோ பார்த்துப் பணம் கட்டி, தோளில் ஒரு மூட்டையோடு யார் யாரோ வருகிறார்கள். இரண்டு நாள் இருக்கிறார்கள். போய்விடுகிறார்கள். போன மாசம் ஒரு கோஷ்டி ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் காலிங் பெல்லை அடித்து, "வைஃபை பாஸ்வேர்டு என்ன அங்கிள்?" என்று கேட்டது. சொல்லியிருப்பேன். எனக்கே தெரியாது. பேரனுக்குத்தான் தெரியும். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

செக்ரெட்டரி தொண்டையைச் செருமியதுமே மூன்றாவது மாடிக்காரர் எழுந்துவிட்டார்.

"சார், அது என் வீடு. லோன் கட்டறேன். வரி கட்டறேன். மெயின்டனன்ஸ் ஒரு மாசம் பாக்கி வெச்சது கிடையாது. அங்கே யாரைத் தங்க வைக்கணும்னு சொல்ல நீங்க யாரு?"

கூட்டம் கப்சிப். நியாயமான கேள்வியாயிற்றே! எனக்கு மட்டும், இந்த வசனத்தை இதற்கு முன்னால் எங்கேயோ கேட்ட ஞாபகம். அப்புறம் சட்டென்று பிடிபட்டது. 2019 அக்டோபர். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி. வசனம் பேசியவன் என் அக்கா பையன். கையில் தோசைத் திருப்பி.

* * *

ஜெர்சி சிட்டி என்பது ஹட்ஸன் நதிக்கு இந்தக் கரை. அந்தக் கரை நியூயார்க். நடுவில் தண்ணீருக்கு அடியில் 'பாத்' என்று ஒரு ரயில் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் மன்ஹாட்டன் வந்துவிடும். நூவர்க் அவென்யூவில் 'இந்தியா ஸ்கொயர்' என்று ஒரு வட்டாரமே நம்மவர்கள் கைவசம். முருங்கைக்காய் முதல் நகைக்கடை வரை உண்டு. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நியூயார்க் பார்க்க வருகிறவன் மன்ஹாட்டன் ஓட்டல் வாடகையைக் கேட்டதும் மயங்கி விழுந்தால், எழுந்திருக்கும் இடம் ஜெர்சி சிட்டி.

என் மருமானுக்கு அங்கே இரண்டு வீடு. ஒன்றில் அவனே குடியிருக்கிறான். மாடியில் அவன், மனைவி, ஒரு பெண் குழந்தை. கீழ்த்தளம் விருந்தாளிகளுக்கு. இரண்டாவது வீடு அதே தெருவில் நாலு வீடு தள்ளி. அது முழுக்க முழுக்க விருந்தாளிகளுக்கே என்று 2016-ல் பாங்க் கடனில் வாங்கியது. தினம் ஒரு கும்பல் காலி செய்யும். தினம் ஒரு கும்பல் குடிவரும்.

"அமெரிக்காவில் என்ன பார்த்தீங்க?" என்று ஊருக்குத் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள். நயாகராவெல்லாம் பார்க்கவில்லை. நான் அதிகம் பார்த்தது தலையணை உறை. மருமான் ஆபீஸ் போனதும் நானும் என் சகதர்மிணியும்தான் வாஷிங் மெஷினும் கையுமாக நிற்போம். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ் முடிச்சு ரிட்டயர் ஆனது இதுக்குத்தானாங்க?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. உறைக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

* * *

இந்த வியாபாரம் பிறந்த கதையே தலையணை, மெத்தை சம்பந்தப்பட்டதுதான். 2007 அக்டோபரில் சான் பிரான்ஸிஸ்கோவில் இரண்டு பையன்கள். பிரையன் செஸ்கி, ஜோ கெபியா. வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். கையில் காசு இல்லை. ஊரில் ஒரு டிஸைன் மாநாடு நடக்க, ஓட்டல்களில் இடம் இல்லை. காற்றடித்த மெத்தை மூன்றை ஹாலில் போட்டு, ராத்திரிக்கு 80 டாலர், காலையில் டிபன் உண்டு என்று அறிவித்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். வாடகைப் பிரச்னை தீர்ந்தது. மெத்தையில் அடைத்த காற்றுதான் 'ஏர்பிஎன்பி'யில் உள்ள 'ஏர்'. கம்பெனி ஆரம்பித்த புதிதில் முதலீடு கிடைக்காமல், 2008 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி ஒபாமா பேரில் ஒன்றும் மெக்கெய்ன் பேரில் ஒன்றுமாக டிபன் பொட்டலம் போட்டு, டப்பா 40 டாலருக்கு விற்றுப் பிழைத்தார்கள் என்பது கிளைக் கதை.

கவனியுங்கள். அந்த மூன்று மெத்தையும் பையன்கள் குடியிருந்த வீட்டு ஹாலில்தான் கிடந்தன. விருந்தாளி குறட்டை விட்டால் அவர்களுக்கும் கேட்கும். கதை மாறியது எப்போது என்றால், 'என் வீட்டில் ஓர் அறை' என்பது போய், 'யாருமே இல்லாத ஒரு வீடு' என்று ஆனபோது.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் இது இருந்ததுதானே? கல்யாணம் என்றால் பிள்ளை வீட்டார் பக்கத்து வீட்டு மாடியில், சம்பந்தி வீட்டு சித்தப்பா எதிர் வீட்டுத் திண்ணையில். வாடகை கிடையாது. ராத்திரி சீட்டுக் கச்சேரியில் சத்தம் அதிகமானால் அந்த வீட்டுப் பாட்டி உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுப்பாள். அதற்கு மேல் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

* * *

ஜெர்சி சிட்டி முதலில் இந்த வியாபாரத்தைச் சிவப்புக் கம்பளம் போட்டுத்தான் வரவேற்றது. 2015-ல் சட்டபூர்வமாக அனுமதி கொடுத்து, ஓட்டலுக்கு உண்டான 6 சதவீத வரியை இதற்கும் போட்டது. நியூயார்க்கில் அப்போதே கெடுபிடி. 2010-ல் வந்த மாநிலச் சட்டப்படி, அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்காரர் இல்லாமல் முப்பது நாளுக்குக் குறைவாக முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. ஆக, அந்தக் கரையில் கதவைச் சாத்த, இந்தக் கரையில் திறந்துவிட்டார்கள். கேட்க வேண்டுமா? மருமானைப் போலப் பலர் கடன் வாங்கி வீடு வாங்கினார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் நீண்ட வாடகைக்கு எடுத்து, தினசரிக்கு உள்வாடகை விட்டார்கள்.

நாலு வருஷத்தில் நகராட்சிக்கு ஞானோதயம். 2019 ஜூனில் புதுச் சட்டம். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் உள்வாடகை விடக்கூடாது. சொந்தக்காரர் அந்த இடத்தில் இல்லாவிட்டால் வருஷத்துக்கு 60 ராத்திரிதான்.

மருமான் கணக்குப் போட்டுக் காட்டினான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துக்குப் பிரச்னை இல்லை. சீட்டு வாங்கினால் போதும். நாலு வீடு தள்ளி இருக்கும் வீட்டுக்குத்தான் ஆபத்து. 365 ராத்திரியில் 60 போனால் மீதி 305. பாங்க்காரன் 60 நாள் தவணை மட்டும் போதும் என்பானா?

"இவங்க சொல்லித்தானே மாமா வாங்கினேன்? 2015-ல வாங்க வாங்கன்னாங்க. இப்ப ஆட்டம் பாதியில இருக்கும்போது ரூல்ஸை மாத்தறாங்க. என் வீட்டுல யார் தூங்கணும்னு சொல்ல இவங்க யாரு?"

தோசைத் திருப்பி இந்த இடத்தில்தான் உயர்ந்தது. தோசை கருகியது. எனக்கு அவன் பேரில் பரிதாபமாகத்தான் இருந்தது. அவன் திருடவில்லை. ஏமாற்றவில்லை. சட்டம் அனுமதித்ததைச் செய்தான். வரி கட்டினான்.

ஏர்பிஎன்பி தரப்பு சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வேட்டை நடத்தி, 'இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா? ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும்' என்று பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. நாள் குறித்தாயிற்று. நவம்பர் 5. நாங்கள் இருந்த ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியில் கத்தை கத்தையாக நோட்டீஸ். இந்தப் பக்கம் ஏர்பிஎன்பி தரப்பு செலவழித்தது 40 லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பக்கம் ஓட்டல் தொழிலாளர் சங்கமும் தன் பங்குக்குப் பணத்தை இறக்கியது. 'குடியிருப்பைக் காப்போம்' என்று சொன்னவர்கள் எல்லோரும் குடியிருப்பை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

* * *

'என் நிலத்தில் நான் என்ன செய்தால் உனக்கென்ன?' என்ற வழக்கு அமெரிக்காவில் ரொம்பப் பழசு. 1922-ல் ஒஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற ஊர், 'இந்தப் பகுதியில் வீடு மட்டும்தான், அந்தப் பகுதியில்தான் தொழிற்சாலை' என்று கோடு போட்டது. நிலச் சொந்தக்காரக் கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. கோர்ட் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதில் ஒரு பன்றி வருகிறது. பன்றியே தப்பு என்று நீதிபதி சொல்லவில்லை. கொட்டிலில் இருந்தால் ரொம்ப சரியான பிராணி. வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தால்தான் தொந்தரவு என்ற மாதிரி எழுதினார். சரியான பொருள், தப்பான இடம்.

மருமானிடம் இதைச் சொன்னேன். "என் கெஸ்ட்டெல்லாம் பன்னியா மாமா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான். உவமை சொல்லும்போது ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும்!

* * *

இனிமேல் பாட்டி வருகிறாள்.

மருமானின் இரண்டாவது வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் இத்தாலியப் பாட்டி. எண்பதைத் தாண்டியவள். தனியாக இருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே வீடு. அவளுக்கும் என் மனைவிக்கும் பொதுவான பாஷை எதுவும் கிடையாது. பாட்டியின் இங்கிலீஷ் என் மனைவிக்குப் புரியாது. இவள் இங்கிலீஷ் யாருக்குமே புரியாது. ஆனாலும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மணிக்கணக்கில் பேசினார்கள். ரசப் பொடி போயிற்று. தக்காளிச் சட்னி மாதிரி ஏதோ ஒன்று ஜாடியில் வந்தது.

விருந்தாளிகள் ராத்திரியில் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, இருட்டில் நம்பர் தெரியாமல் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஒரு தடவை பேஸ்பால் மட்டையோடு கதவைத் திறந்தாளாம். வந்தவன் பெட்டியை விட்டுவிட்டு ஓடினானாம். இதை அவளே சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

சிரிக்காமல் சொன்னது ஒன்று உண்டு. மருமான் வாங்கிய அந்த வீட்டில் முன்பு இருந்த குடும்பத்திடம்தான் பாட்டி தன் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்து வைத்திருந்தாளாம். அவர்கள் விற்றுவிட்டுப் போகும்போது, "உன் சாவி" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தெருவைப் பார்த்திருக்கிறாள். யாரிடம் கொடுப்பது? அந்த வீட்டு வாசலில் இப்போது இருப்பது நம்பர் அழுத்தினால் திறக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சாவி இருக்கும். சாவி வாங்க ஆள் கிடையாது. கடைசியில் நாலு வீடு நடந்து வந்து மருமானின் மனைவியிடம் கொடுத்தாள். அது அவர்கள் வீட்டு அடுக்களையில், பிள்ளையார் காலண்டர் ஆணியில் தொங்கியது.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஆபீஸிலிருந்து வந்த மருமானின் மனைவி, கைப்பையைக்கூட வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"மாமா, இன்னிக்கு குப்பை வண்டி வந்துச்சா?"

"காலையிலயே வந்துச்சேம்மா."

"பாட்டி தொட்டி இன்னும் ரோட்லயே இருக்கு. அவங்க பத்து மணிக்குள்ள உள்ள எடுத்துடுவாங்க."

ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பாட்டி குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். இடுப்பு. காலையிலிருந்து அப்படியே. நினைவு இருந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தொட்டியை உள்ளே எடுத்தீர்களா?"

ஆம்புலன்ஸ் வந்தது. பாட்டி பிழைத்தாள். ஆனால் எனக்கு ஒன்று மனசில் தைத்துக்கொண்டது. அன்றைக்குப் பக்கத்து வீட்டில், அதாவது என் மருமானுக்குச் சொந்தமான வீட்டில், ஆறு பேர் இருந்தார்கள். நல்ல பையன்கள். ஏதோ கச்சேரி பார்க்க வந்தவர்கள். அந்தத் தொட்டியைத் தாண்டிப் பகல் முழுக்கப் போய் வந்திருப்பார்கள். அவர்கள் பேரில் என்ன தப்பு? தொட்டி பத்து மணிக்குள் உள்ளே போக வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது தெரிய ஒரு வருஷம் அந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

ராத்திரி மருமானிடம் பேச்சை எடுத்தேன்.

"பாட்டி விழுந்ததுக்கும் சட்டத்துக்கும் என்ன மாமா சம்பந்தம்? அங்கே ஒரு குடும்பம் இருந்தா மட்டும் கவனிச்சிருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?"

நிச்சயம் கிடையாதுதான். பல வருஷமாக அடுத்த ஃப்ளாட்டில் இருப்பவர் பெயர் தெரியாமல் வாழ்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

* * *

நவம்பர் 5 வந்தது. ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் சட்டம் வேண்டும் என்றார்கள். 40 லட்சம் டாலர் காற்றில் போயிற்று. காற்றில் ஆரம்பித்த வியாபாரம்தானே!

வீட்டுக்காரர்கள் சிலர் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 5-வது திருத்தம், நியாயமான நஷ்டஈடு தராமல் தனியார் சொத்தைப் பொதுக் காரியத்துக்கு எடுக்கக்கூடாது என்கிறது. எங்கள் வருமானத்தைப் பறித்தது சொத்தைப் பறித்ததற்குச் சமம் என்பது அவர்கள் கட்சி.

இதற்குக் கோர்ட் பார்க்கும் தராசு 1978-ல் செய்தது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலையில் 50 மாடிக்கு மேல் ஒரு கோபுரம் கட்டச் சொந்தக்காரக் கம்பெனி ஆசைப்பட, புராதனச் சின்னம் என்று நகரம் மறுக்க, நகரம் சொன்னதே சரி என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன வழக்கு. நஷ்டம் எவ்வளவு, போட்ட முதலுக்கு நியாயமான எதிர்பார்ப்பு என்ன, அரசாங்கம் செய்த காரியம் எப்படிப்பட்டது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. (நம் தேசத்தில் அதே 1978-ல்தான் 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ பிரிவுக்கு அனுப்பியது. சொத்துக்கு அந்த வருஷம் ஏதோ ஏழரை!)

ஜெர்சி சிட்டி வழக்கில் 2022 ஆகஸ்டில் மேல் முறையீட்டுக் கோர்ட் நகராட்சி பக்கம் தீர்ப்பளித்தது. வீடு உன்னுடையதுதான். குடியிரு, வருஷ வாடகைக்கு விடு, விற்றுக்கொள். யாரும் பிடுங்கவில்லை. 2015-ல் ஒரு சட்டம் வந்ததால் அது என்றைக்கும் மாறாது என்று நினைத்துக்கொண்டது நியாயமான எதிர்பார்ப்பு ஆகாது. சாராம்சம் இதுதான். மருமானின் 'பாதி ஆட்டத்தில் ரூல்ஸ்' வாதத்துக்கு நேரான பதில்.

அதற்காக நகராட்சி நினைத்தபடியெல்லாம் ஆடலாம் என்றும் அர்த்தமில்லை. அதே ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரச் சட்டம் ஒன்று வேறொரு மேல் கோர்ட்டில் அடி வாங்கியது. குடியிருப்புப் பகுதியில் தினசரி வாடகைக்கு விடும் லைசென்ஸ் உள்ளூரில் குடியிருப்பவனுக்கு மட்டும்தான் என்று வைத்திருந்தார்கள். வெளி மாநிலக்காரனை அப்படி ஒதுக்கக்கூடாது என்றது கோர்ட். அரிஸோனாவில் 2016-ல் மாநில அரசே, எந்த ஊரும் இந்த வாடகையைத் தடை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டது. ஸிடோனா போன்ற சுற்றுலா ஊர்களில் உள்ளூர் வேலைக்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் திண்டாட்டமாகி, 2022-ல் ஊர்களுக்குக் கொஞ்சம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜப்பானில் 2018 முதல் வருஷத்துக்கு 180 ராத்திரி. லண்டனில் 90. பார்ஸிலோனா ஒரே வெட்டு. சுமார் 10,000 டூரிஸ்ட் வீடுகளின் லைசென்ஸ் 2028 நவம்பருக்கு மேல் கிடையாது என்று 2024-ல் மேயர் அறிவித்தார். அந்த வருஷக் கோடையில் அந்த ஊர் ஜனங்கள் டூரிஸ்டுகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது தனிக் கதை. நம்ம ஊரில் அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்திருப்போம்.

நியூயார்க்கும் 2023 செப்டம்பரிலிருந்து இன்னும் இறுக்கிவிட்டது. முப்பது நாளுக்குக் குறைவாக விட வேண்டுமென்றால் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும். விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது. உள் அறைகளைப் பூட்டி வைக்கக்கூடாது. இதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி கேட்டாள்:

"நம்ம வீட்டுக்கு உங்க சித்தப்பா பத்து நாள்னு வந்து நாப்பது நாள் இருந்தாரே, அது எந்தச் சட்டத்துல வரும்?"

சித்தப்பா வாடகை தரவில்லை. ஆகையால் எந்தச் சட்டத்திலும் வரமாட்டார்.

* * *

மருமானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓட்டு முடிந்த குளிர்காலத்தில், திட்டிக்கொண்டே இரண்டாவது வீட்டை ஒரு குடும்பத்துக்கு வருஷ வாடகைக்கு விட்டான். அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். மாச வருமானம் முன்பைவிடக் குறைவு. கையைப் பிடித்தது. மூன்றாவது மாசம் கொரோனா வந்தது! விமானம் நின்றது. விருந்தாளி நின்றான். நியூயார்க்கே பூட்டிக் கிடந்தது. தினசரி வாடகையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் தவித்தபோது, இவனுக்கு மட்டும் ஒண்ணாந்தேதி வாடகை வந்துகொண்டிருந்தது.

"பார்த்தியாடா, சட்டம் உன்னைக் காப்பாத்திடுச்சு" என்றேன் போனில்.

"அது லக்கு மாமா. அதுக்காக அவங்க செஞ்சது சரின்னு ஆயிடாது."

இன்றைக்கும் அவன் கட்சி மாறவில்லை. முழுசாகத் தப்பு என்றும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விட்டுப் பிழைக்கிற விதவைக்கும், பத்து வீட்டை வளைத்துப் போட்டு வாசலில் நம்பர் பெட்டி மாட்டுகிறவனுக்கும் ஒரே சட்டம் போட்டால் அது அநியாயம். ஜெர்சி சிட்டி சட்டத்தில் எனக்குப் பிடித்ததே அந்த வித்தியாசம்தான். அது கேட்ட முக்கியமான கேள்வி, 'யாருக்குச் சொந்தம்?' என்பதல்ல, 'ராத்திரி அங்கே நீ இருக்கிறாயா?' என்பது.

எங்கள் அபார்ட்மெண்ட் கூட்டத்திலும் மூன்றாவது மாடிக்காரரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி.

"சார், உங்க ஃப்ளாட்டுக்கு எதிர் கதவுல யார் இருக்காங்க, தெரியுமா?"

யோசித்தார். "யாரோ... ஒரு ஃபேமிலி?"

ஒரு ரிட்டயர்டு டீச்சர். தனியாக இருக்கிறார். பைபாஸ் ஆனவர். கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காபி வந்துவிட்டது. விருந்தாளி வரும் நாட்களில் தன் போன் நம்பரை வாசலில் ஒட்டுவதாகவும், ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் தானே வருவதாகவும் சொல்லியிருக்கிறார். பார்ப்போம். மற்றதெல்லாம் அடுத்த அவசரக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

கடைசியாக ஒரு ரகசியம். நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில், மருமான் ட்ராலி எடுக்கப் போன சமயம் பார்த்து அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நான் சட்டம் வேணும்னுதான் ஓட்டுப் போட்டேன். அந்தச் சாவி எங்க வீட்ல தொங்கும்போது வேற எப்படிப் போடறது?"

இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டேன். ஜெர்சி சிட்டியில் இந்தப் பத்திரிகை வாங்குகிற புண்ணியவான்கள் யாராவது இருந்தால், படித்துவிட்டு அவன் வீட்டுப் பக்கம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.